காயத்துக்குள் ஒரு வம்சாவளி

உக்ரைன் போரில், வண்டி தீப்பற்றி எரிந்ததில் சிக்கிய ஒரு வீரரை ஜெர்மனியின் லாண்ட்ஷ்டூலில் இருக்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர். உடம்பில் பாதிக்கும் மேற்பட்ட தோல் வெந்துபோயிருந்தது. முதல் சிகிச்சை திநிப்ரோ நகருக்கு அருகில் நடந்தது. அடுத்து கீவில் தீவிர சிகிச்சைப் பிரிவு. மூன்றாவதாகத்தான் ஜெர்மனி. வந்து சேர்ந்ததும் அவருடைய ரத்தம், சிறுநீர், சளி என்று பல மாதிரிகளை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

தட்டுகளில் முளைத்த கிருமிகள் ஆறு. அசினெடோபாக்டர் பாமன்னி ஒன்று, கிளெப்சியெல்லா நிமோனியே ஒன்று, என்டெரோகாக்கஸ் ஃபீசியம் ஒன்று, சூடோமோனாஸ் ஏருஜினோசா மூன்று. ஆறுமே கையிலிருக்கும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மசியாதவை. அந்தக் கிளெப்சியெல்லாவோ, சோதித்துப் பார்த்த மருந்துகளில் ஏறக்குறைய எதற்குமே அடங்கவில்லை. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பேட்ரிக் மெக்கேன், ஃபிரான்சுவா லெப்ரெத்தோன் முதலானோர் 2023-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த விவரங்கள் இருக்கின்றன.

அந்தப் பட்டியலில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியது கடைசி வரி. மூன்று சூடோமோனாஸ்! வழக்கமான ஆய்வுக்கூட அறிக்கையாக இருந்தால் ‘சூடோமோனாஸ் ஏருஜினோசா’ என்ற ஒற்றைப் பெயரோடு முடிந்திருக்கும். பெயர் ஒன்றுதான், ஆனால் வந்தவை மூன்று வெவ்வேறு கிளைகள். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று கிளைகள் ஒரே உடம்பில் குடியேறியிருந்தன. மூன்றும் தனித்தனி வழியில் வந்திருக்க வேண்டும். இதைக் கண்டு சொன்னது மரபணுத்தொகுதி வரிசையாக்கம், அதாவது கிருமியின் டிஎன்ஏவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிடும் முறை.

காயத்துச் சீழ் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என்ன நடக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவோம். பஞ்சுக்குச்சியில் எடுத்த சீழை அகார் தட்டில் தேய்த்து, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமிக் குடியிருப்புகள் எழும்பியிருக்கும். ஒரு புள்ளியைத் தொட்டெடுத்து, லேசரால் தாக்கிப் புரதங்களின் எடையை அளக்கும் கருவியில் வைத்தால், சில நிமிடங்களில் இனத்தின் பெயர் வந்துவிடும். இன்னொரு புள்ளியைக் கரைத்துப் புதுத் தட்டில் பரப்பி, மருந்தில் தோய்த்த சிறு வட்டத்தாள்களை அதன்மேல் வைப்பார்கள். மறுநாள் எந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக இருக்கிறதோ, அந்த மருந்து வேலை செய்யும். எதைச் சுற்றி முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறதோ, அது வீண். ‘கல்ச்சர், சென்சிடிவிட்டி’ என்று மருத்துவர் சீட்டில் எழுதுவது இதைத்தான்.

நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இது போதும். எந்த மருந்தைக் கொடுப்பது என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, பக்கத்துப் படுக்கைக்காரரின் புண்ணில் இருப்பதும் இதுவேதானா, நாளை யாருக்குத் தாவும் என்ற கேள்விகளுக்கு அந்தத் தட்டு பதில் சொல்லாது. அந்தப் பதில் தெரியாததால் எவ்வளவு தவறான முடிவுக்கு மருத்துவ உலகம் போக நேர்ந்தது என்பதற்கு ஈராக் போர் ஓர் உதாரணம்.

2003-ல் ஈராக்குக்குள் அமெரிக்கப் படை நுழைந்தது. காயம்பட்டுத் திரும்பிய வீரர்களின் புண்களில் அதுவரை அதிகம் பேசப்படாத அசினெடோபாக்டர் பாமன்னி தலைகாட்டத் தொடங்கியது. 2002 ஜனவரி முதல் 2004 ஆகஸ்ட் வரை ராணுவ மருத்துவமனைகளில் 102 பேரின் ரத்தத்தில் இந்தக் கிருமி பரவியிருந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்தது. ‘ஈராக்கிபாக்டர்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

அசினெடோபாக்டர் குடும்பம் மண்ணில் வாழக்கூடியது. குண்டு வெடிக்கும்போது மண்ணும் புழுதியும் சதைக்குள் செருகப்படுகின்றன. ஆகவே கிருமி ஈராக்கின் மண்ணிலிருந்துதான் காயத்துக்குள் போயிருக்க வேண்டும் என்ற கருத்து வெகு சீக்கிரம் பரவியது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. யார்மீதும் குற்றம் சுமத்தாத கருத்தாகவும் இருந்தது.

அதைச் சோதித்துப் பார்த்த ராணுவ மருத்துவர்களின் ஆய்வு 2007-ல் வெளியானது. 160 நோயாளிகளின் தோலைத் துடைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒருவரிடம் கிருமி இருந்தது. 49 இடங்களின் மண்ணைப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றில்தான் இருந்தது. பிறகு சோதித்த கள மருத்துவமனைகள் ஏழு. ஏழிலும், சிகிச்சை நடக்கும் இடங்களில் இருந்தே கிருமி கிடைத்தது. நோயாளிகளின் கிருமிகளும் அந்த இடங்களின் கிருமிகளும் உறவினர்கள் என்றும் தெரிந்தது. காயத்துக்குள் கிருமியைக் கொண்டுபோனது குண்டு அல்ல, குண்டுபட்டவரைக் காப்பாற்றிய கூடாரங்களே அதன் இருப்பிடமாக இருந்தன. வீரர்கள் சங்கிலித்தொடராக மருத்துவமனை மாறியபோது கிருமியும் கூடவே பயணம் செய்தது.

அந்த உறவை அன்று நிறுவ அவர்களிடம் இருந்தது பழைய கருவி. கிருமியின் டிஎன்ஏவை ஒரு நொதியால் பெரிய துண்டுகளாக வெட்டி, ஜெல்லில் ஏற்றி, திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தில் மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். துண்டுகள் அளவுக்கேற்பப் பிரிந்து கோடு கோடாக நிற்கும். இரண்டு கிருமிகளின் கோடுகள் பொருந்தினால் உறவு, பொருந்தாவிட்டால் அந்நியம். 1984-ல் பிறந்த இந்த முறைதான் இருபது முப்பது ஆண்டுகள் உலகம் முழுக்கக் கோலோச்சியது. அதன் உழைப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாற்பது லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு கிருமியை இருபது கோடுகளாகச் சுருக்கினால், நெருங்கிய சொந்தத்துக்கும் தூரத்துச் சொந்தத்துக்கும் இடையிலான நுட்பமான வேறுபாடு தொலைந்துபோகும்.

1998-ல் அடுத்த படி வந்தது. எல்லாக் கிளைகளிலும் இருக்கும், பொதுவாக ஏழு, அத்தியாவசிய மரபணுக்களை மட்டும் படித்து, அவற்றின் வகைகளுக்கு ஏற்ப ஒரு எண் கொடுப்பது. ‘எஸ்டி 395’, ‘எஸ்டி 147’ என்றெல்லாம் நுண்ணுயிரியலாளர்கள் பேசுவது இந்த எண்களைத்தான். உலகின் எந்த மூலையிலும் ஒரே எண், ஒரே பொருள். ஜெல்லின் கோடுகளுக்கு இந்த வசதி கிடையாது.

பிறகு வரிசையாக்கம் மலிவானதும், ஏழோடு நிற்க வேண்டிய அவசியம் போயிற்று. இன்று அசினெடோபாக்டர் பாமன்னியை ஒப்பிடப் பயன்படும் திட்டம் ஒன்றில் 2,390 மரபணுக்கள் இருக்கின்றன. இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டுமென்றால், முழுத் தொகுதியிலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம்.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது எப்படி வம்சத்தைக் காட்டும்? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய வேலை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதங்களைக் குறித்துக்கொண்டார். ஏடு எழுதியவர் ஓரிடத்தில் ஒரு எழுத்தைப் பிழையாக எழுதினால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரும் அதே பிழையைச் சுமப்பார்கள். ஆகவே ஒரே பிழையுள்ள இரண்டு சுவடிகள் ஒரே மூலத்தின் வழிவந்தவை. கிருமி பிளக்கும்போதெல்லாம் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. அரிதாக ஒரு எழுத்து மாறிப்போகிறது. அதன் வாரிசுகள் அந்த மாற்றத்தோடு பிறக்கின்றன.

அந்த மாற்றம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதுகூடக் கணக்கிடப்பட்டிருக்கிறது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது எம்ஆர்எஸ்ஏ, காயங்களிலும் அறுவைசிகிச்சைத் தையல்களிலும் சீழ் வைப்பதில் பெயர்போனது. அதன் ஒரே கிளையைச் சேர்ந்த 63 மாதிரிகளை பிரிட்டனின் சேங்கர் ஆய்வகத்தார் படித்தார்கள். இருபது ஆண்டுகளில் பல கண்டங்களில் சேகரித்தவையும், தாய்லாந்தின் ஒரே மருத்துவமனையில் சில மாதங்களுக்குள் எடுத்தவையும் அதில் இருந்தன. 2010-ல் வெளியான முடிவு இது: சுமார் 28 லட்சம் எழுத்துகளில், ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு எழுத்து மாறுகிறது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் பரவிய எம்ஆர்எஸ்ஏ, ஐரோப்பியச் சொந்தங்களை விட்டுவிட்டுத் தாய்லாந்து மாதிரிகளோடு போய் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒரு பயணியோடு அது கடல் கடந்திருக்கிறது.

மருந்தெதிர்ப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் இதே எழுத்துகள் காட்டுகின்றன. 2006-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டு அசினெடோபாக்டர் பாமன்னிகளை அருகருகே வைத்துப் படித்தார்கள். ஒன்றின் பெயர் ஏஒய்இ. பிரான்ஸ் நாடு முழுக்கப் பரவி நோயாளிகளை வாட்டிய கிளை அது. இன்னொன்று எஸ்டிஎஃப். மனித உடலில் ஒட்டும் பேனிலிருந்து எடுத்தது, மருந்துக்கு எளிதில் அடங்குவது. ஏஒய்இயில் ஓர் இடத்தில் 86,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதி செருகப்பட்டிருந்தது. அதற்குள் 45 எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சூடோமோனாஸ், சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற வேற்று இனங்களிலிருந்து வந்து சேர்ந்தவை அவற்றுள் பல. எஸ்டிஎஃபில் அதே இடத்தில் ஒரு சிறிய பகுதி மட்டும் இருந்தது, எதிர்ப்பு மரபணு ஒன்றுகூட இல்லை. அந்த இடமே ஒரு வாசல்போல் இருந்திருக்கிறது. மருந்து மழையாகப் பொழியும் மருத்துவமனையில் வாழ்ந்த கிளைக்கு அந்த வாசல் வழியே ஒவ்வொன்றாக ஆயுதங்கள் வந்து குவிந்தன.

எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கல்ச்சர் வேண்டாம் என்று சிலர் ஆர்வமாகச் சொல்வதுண்டு. ஸ்டஃபைலோகாக்கஸைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. மரபணுவைப் பார்த்துச் சொல்வதும் தட்டில் பார்ப்பதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அசினெடோபாக்டர் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. இந்த இனத்தின் ஒவ்வொரு கிருமியிலும் ஆக்ஸா-51 வகை மரபணு பிறவியிலேயே இருக்கிறது. அது பீட்டா-லாக்டம் மருந்துகளைச் சிதைக்கக்கூடிய நொதியைச் செய்வது. ஆனால் சாதாரணமாக அது தூங்கிக்கொண்டிருக்கும். ஐஎஸ்ஏபிஏ1 என்ற தாவும் டிஎன்ஏத் துண்டு அதன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால், மரபணு உரக்க வேலை செய்யத் தொடங்குகிறது, மருந்து தோற்கிறது. மரபணு இருக்கிறது என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான். அதற்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

சூடோமோனாஸ் இன்னும் கடினம். மருந்து உள்ளே நுழையும் துளையை அடைத்துவிடுவது, நுழைந்ததை வெளியே தள்ளும் பம்ப்பை அதிகமாக ஓட்டுவது என்று அது சொந்தச் சரக்கை வைத்தே சமாளித்துக்கொள்ளும். புதிய மரபணு எதையும் கடன் வாங்காமலே அடங்காததாகிவிட முடியும். இந்த இனத்தில் உலகம் முழுக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் மூலக்கிருமியான பிஏஓ1, 1954-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒருவரின் புண்ணிலிருந்து எடுத்ததுதான். 2000-ல் அதன் 63 லட்சம் எழுத்துகளையும் படித்து வெளியிட்டபோது, அதுவரை வரிசைப்படுத்திய பாக்டீரியாக்களில் அதுவே மிகப் பெரியது. இவ்வளவு பெரிய உடைமை இருப்பதால்தான் தண்ணீர், மண், புண், குழாய் என்று எங்கே விட்டாலும் அது பிழைத்துக்கொள்கிறது.

மறுபடியும் உக்ரைன். வின்னித்சியா நகரின் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலெக்சாண்டர் நசார்சுக்கும், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தியான் ரீஸ்பெக்கும் போர் மூண்ட பிறகு கைகோத்தார்கள். நோயாளிகள் 141 பேர். அவர்களில் 133 பேர் போரில் காயமடைந்த பெரியவர்கள், எட்டுப் பேர் நிமோனியாவால் பாதிக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள். மாதிரிகளில் சுமார் 6 சதவீதத்தில், சோதித்த எல்லா ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத கிருமிகள் இருந்தன. வேறு வழியில்லாதபோது மட்டும் எடுக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கோலிஸ்டினும் அங்கே பயன்படவில்லை.

பிறகு 37 நோயாளிகளின் கிளெப்சியெல்லாவை எடுத்து முழுமையாகப் படித்தார்கள். எல்லாவற்றிலும் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. ஏறக்குறைய கால்வாசி, எந்த மருந்துக்கும் மசியவில்லை. அத்தனை ஆயுதங்களைச் சுமக்கும் கிருமி மெலிந்துபோகும், அடங்காமைக்கு அது வேறொரு விலை கொடுக்கும் என்பது நுண்ணுயிரியலில் பொதுவான எதிர்பார்ப்பு. பூச்சிப் புழுக்களிலும் எலிகளிலும் செலுத்திப் பார்த்தபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. மிகவும் அடங்காத கிளைகளே உடம்புக்குள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. அவற்றின் டிஎன்ஏவில் எதிர்ப்போடு சேர்த்து, நோயைத் தீவிரமாக்கும் மரபணுக்களும் இருந்தன. காயத்தைத் தாண்டி ரத்தத்துக்குள் போகக்கூடிய கிருமி இது. மருத்துவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. வட்டத்தாளைச் சுற்றியுள்ள தெளிவை அளந்து இதைச் சொல்லவே முடியாது.

உக்ரைனிலிருந்து நோயாளிகள் மேற்கே போகப் போக, 2022-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் நிலையம் ஒரு திடீர் ஏற்றத்தைக் கவனித்தது. என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த கிளெப்சியெல்லாவும், என்டிஎம்-1, ஆக்ஸா-48 இரண்டையும் ஒன்றாகச் சுமந்த கிளெப்சியெல்லாவும் பெருகியிருந்தன. எஸ்டி 147, எஸ்டி 307, எஸ்டி 395, எஸ்டி 23 என்று எண்கள் வரிசையாக வந்தன. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதிக்கு உக்ரைனோடு தொடர்பு இருந்தது. நெதர்லாந்திலும் இதே கதை.

ஆக்ஸா-48 முதலில் கண்ணில் பட்டது இஸ்தான்புல்லில், 2001-ல் ஒரு நோயாளியின் கிளெப்சியெல்லாவில். என்டிஎம்-1 முதலில் தெரியவந்தது 2008-ல், புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, ஸ்வீடனில் வாழ்ந்த ஒருவரிடம். அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை 2010-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இயங்கும் டாக்டர் ஏ.எல்.முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அவரும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோதி வால்ஷும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரையில் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களிலிருந்து 73 மாதிரிகள் இருந்தன. மரபணுவின் பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி (‘என்டி’ என்பது நியூ டெல்லி) அப்போது இங்கே பெரிய சச்சரவு எழுந்தது. அந்தச் சத்தத்தில் கட்டுரையின் முக்கியமான சேதி அமுங்கிப்போனது வருத்தத்துக்குரியது: அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்களில் இருந்தது. பிளாஸ்மிட் என்பது கிருமியின் முக்கிய டிஎன்ஏவுக்கு வெளியே சுற்றும் சிறு வளையம். ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அதை அப்படியே கைமாற்றிவிடும், இனம் வேறாக இருந்தாலும்கூட.

வம்சாவளி போடுவோருக்கு இது தனிச் சிக்கல். கிருமியின் பரம்பரை ஒரு கதை, அது சுமக்கும் பிளாஸ்மிட்டின் பரம்பரை இன்னொரு கதை. டிஎன்ஏவை நூற்றைம்பது எழுத்துத் துணுக்குகளாகப் படிக்கும் கருவிகளில், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பகுதிகள் குழம்பிப்போய், எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிட்டில் இருக்கிறதா, முக்கிய டிஎன்ஏவில் இருக்கிறதா என்பதே தெரியாமல் போகலாம். ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான எழுத்துகளை நுண்துளை வழியே இழுத்துப் படிக்கும் நானோபோர் கருவிகளில் வளையத்தை வளையமாகவே பார்க்க முடிகிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவில்கூட அவை கிடைக்கின்றன.

இத்தனை படிப்பும் நோயாளிக்கு நேரடியாக மருந்தாகாது. சீழிலிருந்து கிருமியைத் தனியே வளர்த்தெடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, படித்து, ஒப்பிட்டு முடிக்கச் சில நாட்கள் பிடிக்கும். தீக்காயத்தில் கிடப்பவருக்கு முதல் ஊசியை அதற்கு முன்பே போட்டாக வேண்டும். ஆகவே பலன் அடுத்த படுக்கைக்குப் போகிறது. அது சின்னப் பலன் அல்ல.

அமெரிக்க ராணுவம் 2009-லேயே தன் மருத்துவமனைகளின் அடங்காத கிருமிகளை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் வலையமைப்பைத் தொடங்கியது. ஈராக்கின் அனுபவம் தந்த உந்துதல் அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அசினெடோபாக்டர் மாதிரிகளிலிருந்து, எல்லாக் கிளைகளும் இடம்பெறும்படி 100 மாதிரிகளைப் பொறுக்கி, புது மருந்து தேடும் ஆய்வகங்களுக்கு அவர்கள் கொடுத்துவருகிறார்கள். அந்தச் சேமிப்பிலிருந்த சூடோமோனாஸ்களைப் பின்னோக்கிப் படித்தபோது, ஒரு மருத்துவமனையில் எஸ்டி 621 என்ற ஒற்றைக் கிளை பத்தாண்டுகளாக விடாமல் சுற்றிவந்தது வெளிப்பட்டது. 80-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் அகப்பட்டிருந்தார்கள். வருடத்துக்குச் சிலர், வெவ்வேறு வார்டு, வெவ்வேறு நோய். அன்றன்றைய கல்ச்சர் அறிக்கையில் ஒவ்வொருவரும் தனித்தனி நோயாளியாகவே தெரிந்தார்கள். எழுத்து வேறுபாடுகளை எண்ணி மரமாக வரைந்த பிறகுதான் எல்லாரும் ஒரே கொம்பில் தொங்குவது தெரிந்தது.

கிருமி இத்தனை காலம் எங்கே குடியிருந்தது என்று மருத்துவமனையின் சூழலிலும் தேடினார்கள். வாஷ்பேசினுக்கு அடியில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும் வடிகுழாயில் அதே கிளை இருந்தது. அங்கிருந்து தெறிக்கும் துளி ஒரு கையுறைக்கும், கையுறை ஒரு கட்டுத்துணிக்கும் போக அதிக நேரம் ஆகாது. 2020-லிருந்து அந்த மருத்துவமனையில் புதிதாக முளைக்கும் சூடோமோனாஸ்களை உடனுக்குடன் வரிசைப்படுத்தி, எஸ்டி 621 தென்பட்டதும் தொற்றுத் தடுப்புக் குழுவுக்குத் தகவல் அனுப்பத் தொடங்கினார்கள். குழுவினர் நேராக அந்த நோயாளி இருந்த அறைக்குப் போய் வடிகுழாயைச் சோதித்தார்கள். பத்தாண்டுகள் நீடித்த பரவல் அடங்கத் தொடங்கியது.